பிரிட்டிஷ் ஸ்பீட்வே: பட்டம் வெல்லும் நாடு, இடம் இழக்கும் அணிகள்

2021 அக்டோபரில் மான்செஸ்டரில் நடந்த, ஸ்பீட்வே எனப்படும் மண்தட மோட்டார் சைக்கிள் பந்தயத்தின் ‘ஸ்பீட்வே ஆஃப் நேஷன்ஸ்’ போட்டியில் பிரிட்டன் உலக அணிப் பட்டத்தை வென்றது. 1989-க்குப் பிறகு அந்த நாட்டுக்குக் கிடைத்த முதல் அணிப் பட்டம் அது. 2024 ஜூலையில் அதே மைதானத்தில் மீண்டும் வென்றது. இந்த இரண்டு வெற்றிகளுக்கும் நடுவே, 2023 பருவம் முடிந்த கையோடு, வுல்வர்ஹாம்ப்டன், பீட்டர்பரோ என்ற இரண்டு முதல்நிலை அணிகள் ஓடுதளத்தை இழந்து லீக் பட்டியலிலிருந்து காணாமல் போயின. நாட்டு அணி உலகத்தை வெல்கிறது. அந்த அணிக்கு ஆள் தர வேண்டிய உள்ளூர் அணிகளோ ஒவ்வொன்றாகக் கதவடைக்கின்றன. பிரிட்டிஷ் ஸ்பீட்வே ரசிகர்கள் தங்கள் விளையாட்டு இன்னும் எத்தனை காலம் இருக்கும் என்று கவலைப்படுவது இந்த முரணிலிருந்துதான் தொடங்குகிறது.

அந்தக் கவலைக்குப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன: விதிமுறைக் குளறுபடி, நல்ல ஓட்டுநர்கள் போலந்துக்குப் போய்விடுவது, தொலைக்காட்சிப் பணம் குறைந்தது, இளைய தலைமுறை அரங்குக்கு வராதது. எதுவும் பொய்யில்லை. ஆனால் இவை அனைத்தும் சரிசெய்யக்கூடியவை. விதியை ஒரு குளிர்காலக் கூட்டத்தில் மாற்றிவிடலாம், ஓட்டுநரைத் திரும்ப அழைக்கலாம். நிலம் கைமாறி அதன்மேல் வீடு எழும்பிவிட்டால் அப்படித் திரும்பப் பெற எதுவும் மிஞ்சுவதில்லை. இந்த விளையாட்டின் வரலாற்றைப் பார்த்தால், மற்ற எல்லா நோய்களிலிருந்தும் அது ஒருமுறையாவது எழுந்து வந்திருப்பது தெரியும்.

ஸ்பீட்வே என்றால் என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 500 சிசி ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின், மெத்தனால் எரிபொருள், ஒரே கியர், பிரேக் கிடையாது. தொடக்கக் கோட்டில் நான்கு பேர் நிற்பார்கள்; குறுக்கே கட்டிய நாடா மேலே துள்ளியதும் கிளம்பி, இரும்புத் தகடு மாட்டிய இடது காலைத் தரையில் தேய்த்தபடி, பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் வழுக்கவிட்டு வளைவுகளைக் கடப்பார்கள். நான்கு சுற்று, ஏறக்குறைய ஒரு நிமிடம், அவ்வளவுதான். முதலாமவருக்கு 3 புள்ளி, அடுத்தவர்களுக்கு 2, 1, கடைசியாக வருபவருக்கு ஒன்றுமில்லை. உள்ளூர் அணிக்குச் சிவப்பும் நீலமும், வந்த அணிக்கு வெள்ளையும் மஞ்சளும் தலைக்கவச நிறங்கள். ஒரு லீக் ஆட்டத்தில் இப்படி 15 ஓட்டங்கள் நடக்கும். ஒவ்வொன்றின் முடிவையும் ரசிகர்கள் கையிலுள்ள நிகழ்ச்சி நிரலில் பேனாவால் குறித்துக்கொண்டே வருவார்கள்.

ஓட்டங்களுக்கு இடையே டிராக்டர் வந்து சிதறிய மண்ணை மீண்டும் உள்பக்கம் இழுத்துவிடும், தண்ணீர் வண்டி ஒரு சுற்று நனைத்துவிட்டுப் போகும். ‘ஷேல்’ எனப்படும் அந்த மண்ணின் ஈரம், வளைவின் அகலம், நேர்ப்பகுதியின் நீளம் ஆகியவை ஊருக்கு ஊர் வேறுபடும். வெளிவேலியை ஒட்டிய ஈர மண்ணில் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு பின்னாலிருந்து முன்னேறும் வித்தை ஓர் ஊரில் பலிக்கும், அடுத்த ஊரில் பலிக்காது. ஆகவே உள்ளூர் ஓடுதளம் என்பது அணி வாடகைக்கு எடுத்த ஏதோ ஓர் இடம் மட்டுமல்ல. அந்த அணி எப்படி ஓட்டும் என்பதையே அதுதான் தீர்மானிக்கிறது. கால்பந்து அணி சில ஆண்டுகள் பக்கத்து ஊர் மைதானத்தில் ஆடிவிட்டுத் திரும்பலாம். ஸ்பீட்வே அணிக்கு அப்படிப்பட்ட அகதி வாழ்க்கை பெரும்பாலும் ஒத்துவந்ததில்லை.

ஆஸ்திரேலியாவில் வளர்ந்த இந்தப் பந்தயம் பிரிட்டனில் வேர்கொண்டதற்கு அடையாள நாளாக 1928 பிப்ரவரி 19 குறிப்பிடப்படுகிறது. லண்டனுக்கு வடகிழக்கே எப்பிங் காட்டில் உள்ள ஹை பீச்சில் அன்று நடந்த பந்தயத்துக்கு, ஏற்பாட்டாளர்கள் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு கூட்டம் வந்தது. அடுத்த ஆண்டே லீக் போட்டிகள் தொடங்கிவிட்டன. முதல் உலகத் தனிநபர் இறுதிப்போட்டி 1936-இல் வெம்ப்ளியில் நடந்தது. போர் முடிந்தபின் வந்த சில ஆண்டுகள் இந்த விளையாட்டின் பொற்காலம்: 1949-இல் அதே வெம்ப்ளியில் டாமி பிரைஸ் முதல் ஆங்கிலேய உலக வெற்றியாளரானபோது அரங்கில் 90,000-க்கும் அதிகமானோர் இருந்தார்கள்.

அந்தக் கூட்டம் நிலைக்கவில்லை. உடல் வலிமையால் ஆடும் விளையாட்டுகளுக்குச் சலுகை காட்டிய கேளிக்கை வரி, இயந்திரப் பந்தயமான ஸ்பீட்வேயைக் கடுமையாகப் பிடித்தது. வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி வந்தது. 1950-களின் நடுவில் ஓடுதளங்கள் வரிசையாக மூடின; வெம்ப்ளி லயன்ஸ் அணியே 1956 பருவத்துக்குப் பின் விலகியது. அந்தப் பத்தாண்டின் இறுதியில் இருந்த ரசிகர் ஒருவரிடம் கேட்டிருந்தால், இன்றைய ரசிகர் சொல்வதையேதான் அவரும் சொல்லியிருப்பார்.

ஆனால் 1960-இல் ‘புரொவின்ஷியல் லீக்’ என்ற பெயரில் பத்து அணிகளுடன் ஒரு புதிய போட்டி கிளம்பியது. பெரிய நட்சத்திரங்கள் இல்லை, செலவு குறைவு, அரங்கு கைக்கெட்டும் தூரத்தில். அதில் சேர்ந்த அணிகளில் ஒன்று கிராட்லி ஹீத். அதன் ஓடுதளம் 1952-இலேயே மூடப்பட்டது. எட்டு ஆண்டுகள் கழித்து வேலியைச் சரிசெய்து, மண்ணைப் போட்டு, அதே டட்லி வுட் அரங்கைத் திறந்தார்கள். வுல்வர்ஹாம்ப்டனும் 1961-இல் இப்படித்தான் திரும்பி வந்தது. 1965-இல் இரண்டு லீக்குகளும் இணைந்து 18 அணிகளுடன் ‘பிரிட்டிஷ் லீக்’ உருவாயிற்று. 1970-களில் சனிக்கிழமை பிற்பகல் தொலைக்காட்சியில் ஸ்பீட்வே இடம்பெற்றது. ஐவன் மோகர், ஓலே ஓல்சன், பீட்டர் காலின்ஸ் போன்ற உலக வெற்றியாளர்கள் வாரந்தோறும் பிரிட்டிஷ் தொழில் நகரங்களில் ஓட்டினார்கள்.

இந்த மறுபிறப்பு எப்படிச் சாத்தியமானது என்பதுதான் கவனிக்க வேண்டியது. 1950-களில் அணிகள்தான் மூடின, அரங்குகள் பெரும்பாலும் இடிபடாமல் நின்றன. அவற்றில் நாய்ப் பந்தயம் தொடர்ந்து நடந்தது, உள்ளே நீள்வட்டம் அப்படியே கிடந்தது. பணமும் ஆர்வமும் உள்ள ஒருவர் வந்து வாடகை பேசினால் போதும். கிராட்லி ஹீத் அணியின் அடுத்த கதை இதற்கு நேர்மாறானது. ப்ரூஸ் பென்ஹால், எரிக் குண்டர்சன் போன்ற உலக வெற்றியாளர்களை வைத்திருந்த அந்த அணி 1995 பருவத்தோடு டட்லி வுட்டை இழந்தது. அங்கே வீடுகள் கட்டப்பட்டன. பின்னாளில் அணியின் பெயரை மீட்டெடுத்து வேறோர் ஊர் ஓடுதளத்தில் ஓட்டிப் பார்த்தார்கள். சொந்த ஊர் திரும்பவே முடியவில்லை. ஒரே அணி, இரண்டு சாவுகள். முதலாவதிலிருந்து மீண்டது, இரண்டாவதிலிருந்து மீளவில்லை.

அதற்குப் பிறகான பட்டியல் நீளமானது, எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை. எக்ஸிட்டரின் கவுண்டி கிரவுண்ட் 2005-இலும், ரெடிங்கின் ஸ்மால்மீட் 2008-இலும் போயின. லண்டனில் ஒரு காலத்தில் வெம்ப்ளி, வெஸ்ட் ஹாம், நியூ கிராஸ், ஹாரிங்கே, விம்பிள்டன் என்று அணிகள் குவிந்திருந்தன. விம்பிள்டனின் பழைய பிளவ் லேன் அரங்கு இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் 2020 முதல் கால்பந்து ஆடுகிறார்கள். பிரிட்டனில் இந்த விளையாட்டு செழித்து வளர்ந்த தலைநகரில் இன்று ஒரு ஸ்பீட்வே அணிகூட இல்லை.

எனக்கு எல்லாவற்றிலும் உறுத்துவது அடுத்தடுத்த இரண்டு சாம்பியன்களின் கதி. 2019-இல் முதல்நிலை லீக்கான பிரீமியர்ஷிப்பின் பட்டத்தை வென்றது ஸ்விண்டன். அடுத்த ஆண்டு கொரோனாவால் லீக் நடக்கவில்லை. அரங்கு மறுகட்டமைப்புப் பேச்சு ஆண்டுக்கணக்கில் இழுபட, ஸ்விண்டன் அணி அதன்பின் ஓட்டவே இல்லை. 2021 பட்டத்தை வென்றது பீட்டர்பரோ. இரண்டே ஆண்டுகளில் அது ஓட்டிவந்த வேளாண் கண்காட்சித் திடல் வீட்டுமனைத் திட்டத்துக்குப் போயிற்று. தோற்கும் அணி நலிவது எந்த விளையாட்டிலும் நடப்பதுதான். வென்ற அணிகளே வீதிக்கு வருகின்றன என்றால், களத்தில் எதைச் சரியாகச் செய்தாலும் பயனில்லை என்றுதான் ரசிகர் முடிவு கட்டுவார்.

நிலம் ஏன் அணிகளின் கையில் இல்லை? தொடக்கத்திலிருந்தே ஸ்பீட்வே பெரும்பாலும் பிறருடைய அரங்கில் குடியிருந்த விளையாட்டு. 1920-களின் இறுதியில் நாடெங்கும் நாய்ப் பந்தய அரங்குகள் முளைத்தபோது, அவற்றின் உள்ளேயோ ஓரத்திலோ மண்தடம் அமைத்து அது நுழைந்துகொண்டது. அணியை நடத்துபவர் ‘புரோமோட்டர்’ எனப்படுகிறார். அவர் பெரும்பாலும் வாடகைதாரர். மார்ச் கடைசியிலிருந்து அக்டோபர் வரை வாரத்தில் ஒரு மாலை அரங்கைத் திறக்கிறார். மழை பெய்தால் அந்த வார வருமானம் போச்சு, முன்கூட்டிச் செய்த செலவு மட்டும் நிற்கும். நாய்ப் பந்தயத்துக்கோ, பார்வையாளர்கள் வராவிட்டாலும் பந்தயம் கட்டும் கடைகளுக்குப் படம் அனுப்புவதில் வருமானம் உண்டு. வாரத்தில் பல அமர்வுகள் நடத்தலாம். அரங்கு உரிமையாளரின் கணக்கேட்டில் ஸ்பீட்வே ஒரு மாலையை அடைத்துக்கொள்ளும் சிறு குடித்தனக்காரர்தான்.

வுல்வர்ஹாம்ப்டனில் நடந்தது இந்தக் கணக்கேதான். 1928 முதல், இடைவெளிகளுடன், மான்மோர் கிரீன் அரங்கில் ஓட்டிவந்த ‘வுல்வ்ஸ்’ அணிக்கு, பந்தயச் சூதாட்ட நிறுவனமான என்டெயினுக்குச் சொந்தமான அந்த அரங்கில் 2023-க்குப் பின் இடமில்லை என்று சொல்லப்பட்டது. அங்கே வீடு கட்டவில்லை. நாய்கள் தொடர்ந்து ஓடின. கூட்டம் வராததாலோ அணி கடனில் மூழ்கியதாலோ அது மூடவில்லை என்பதே உள்ளூர் ரசிகர்களை அதிகம் புண்படுத்தியது. ஆனால் நாய்ப் பந்தயத்தின் எதிர்காலமும் உறுதியானதல்ல. பிரிட்டனில் உரிமம் பெற்ற நாய்ப் பந்தய அரங்குகள் இருபதை ஒட்டிய எண்ணிக்கைக்குச் சுருங்கிவிட்டன, வேல்ஸ் அரசு 2025-இல் அதைத் தடைசெய்யும் முடிவையே அறிவித்துவிட்டது. வீட்டுக்காரரே வீட்டை விற்க நேரும் நிலையில் குடியிருப்பவர் எங்கே போவார்?

அரங்கு சொந்தமாக இருந்தாலும் அக்கம்பக்கத்தார் என்ற மற்றொரு சிக்கல் உண்டு. சஃபோக் மாவட்டத்தில் மில்டன்ஹால் அரங்கு 1975 முதல் இயங்கிவருகிறது. பல ஆண்டுகள் கழித்து, 2006-இல், அருகிலுள்ள வீட்டை வாங்கிக் குடிவந்தவர்கள் சத்தம் தாங்கவில்லை என்று வழக்குத் தொடுத்தார்கள். கீழ் நீதிமன்றத்தில் அவர்கள் வென்றார்கள், மேல்முறையீட்டில் தோற்றார்கள், 2014 பிப்ரவரியில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றத்தில் மீண்டும் வென்றார்கள். நிலத்தை இன்ன பயனுக்குப் பயன்படுத்தலாம் என்று உள்ளாட்சி தரும் திட்ட அனுமதி இருக்கிறது என்பது மட்டுமே தொல்லை வழக்குக்குப் பதிலாகிவிடாது என்றும், தொல்லை இருக்கும் இடத்துக்குத் தெரிந்தே வந்தவர் என்பதால் ஒருவரின் உரிமை போய்விடாது என்றும் நீதிமன்றம் சொன்னது. ஆங்கிலச் சொத்துச் சட்டம் படிப்பவர்கள் தவறாமல் சந்திக்கும் தீர்ப்பு இது. அதன் கரு ஒரு சிற்றூர் ஸ்பீட்வே அரங்கு என்பது பலருக்கு நினைவிருப்பதில்லை. சட்டப்படி அந்த வாதம் சரியாகவே இருக்கலாம். ஆனாலும் புதிய ஓடுதளம் ஒன்றை ஊருக்கு அருகே அமைக்க நினைக்கும் எவரையும் இது இருமுறை யோசிக்க வைக்கும்.

இனி விதிமுறைகளுக்கு வரலாம், ஏனெனில் ரசிகர்களின் அன்றாட முணுமுணுப்பு பெரும்பாலும் இதைப் பற்றியதுதான். ஒவ்வோர் ஓட்டுநருக்கும் ஓர் ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி என்று சராசரி கணக்கிடப்படுகிறது. பருவத் தொடக்கத்தில் ஓர் அணியிலுள்ள ஏழு பேரின் சராசரிகளைக் கூட்டினால் குறிப்பிட்ட வரம்பைத் தாண்டக் கூடாது. பணக்கார அணி எல்லாரையும் வளைத்துப்போடாமல் தடுப்பது நோக்கம். விளைவு என்னவென்றால், ஓர் அணி நன்றாக ஓட்டினால் அதன் ஓட்டுநர்களின் சராசரி உயர்கிறது, உயர்ந்தால் கூட்டுத்தொகை வரம்பை மீறுகிறது, மீறினால் அடுத்த ஆண்டு யாரையாவது வெளியேற்ற வேண்டும். கோப்பையை வென்ற அணியே கலைய வேண்டியதாகிறது. ஒரே ஓட்டுநர் முதல்நிலை லீக்கில் ஓர் அணிக்கும் இரண்டாம்நிலை லீக்கில் வேறோர் அணிக்கும் ஓட்டவும் அனுமதி உண்டு. ஆள் பற்றாக்குறையைச் சமாளிக்க வந்த ஏற்பாடு இது.

இவற்றைவிட எரிச்சலூட்டுவது ‘கெஸ்ட்’ முறை. ஓட்டுநர் ஒருவர் காயம்பட்டாலோ வேறு நாட்டுப் போட்டிக்குப் போய்விட்டாலோ, அவருக்குச் சமமான சராசரியுள்ள ஒருவரை வேறோர் அணியிலிருந்து அன்றைக்கு மட்டும் கடன் வாங்கலாம். சென்ற வாரம் எதிரணிச் சட்டையில் வந்து நம்மைத் தோற்கடித்தவர் இந்த வாரம் நம் சட்டையில் நிற்பார். நிகழ்ச்சி நிரலில் அச்சிட்ட பெயரை அடித்துவிட்டு, ஒலிபெருக்கியில் சொல்லப்படும் புதிய பெயரைப் பேனாவால் எழுதிக்கொள்வது ரசிகர்களுக்குப் பழகிப்போன சடங்கு. நுழைவுக் கட்டணம் 20 பவுண்டை ஒட்டி இருக்கும்போது, யாருக்காகக் கைதட்டுவது என்ற குழப்பம் சிறிய விஷயமல்ல. ஊர்ப்பற்றை விற்று வாழும் ஒரு விளையாட்டு, அந்த ஊர்ப்பற்றைத் தானே கேலிக்குள்ளாக்குகிறது என்ற விமர்சனத்தில் எனக்கு முழு உடன்பாடு உண்டு. புரோமோட்டர்கள் தரப்பிலும் ஒரு நியாயம் இருக்கிறது: கெஸ்ட் இல்லையென்றால் ஒருதலைப்பட்ச ஆட்டம், அல்லது ஆட்டமே இல்லை.

அந்த நிலைக்கு அவர்களைத் தள்ளியது போலந்து. ஓட்டுநர்கள் சுயதொழில் செய்பவர்கள். வண்டி, எஞ்சின், மெக்கானிக், பயணம் எல்லாம் அவர்கள் செலவு. அணி தருவது பெரும்பாலும் ஓட்டத்துக்கும் புள்ளிக்கும் கணக்கிட்ட ஊதியம். போலந்தின் முதல்நிலை லீக்கான எக்ஸ்ட்ராலிகாவில் ஒரு புள்ளிக்குக் கிடைக்கும் தொகையோடு பிரிட்டனால் போட்டியிட முடியாது. அங்கே பல அரங்குகள் நகராட்சிகளுக்குச் சொந்தமானவை, பெரிய நிறுவனங்கள் விளம்பரப் பணம் தருகின்றன, தொலைக்காட்சி உரிமைக்கு நல்ல விலை இருக்கிறது. மூன்று முறை உலகப் பட்டம் வென்ற பிரிட்டிஷ் வீரர் டாய் வோஃபிண்டனே தன் சிறந்த ஆண்டுகளில் போலந்தின் வ்ரோட்ஸ்வாஃப் அணியையே முதன்மையாகக் கொண்டிருந்தார். ஞாயிறு போலந்து, செவ்வாய் ஸ்வீடன் என்று ஓடும் நாட்காட்டியில் பிரிட்டனுக்குத் திங்களும் வியாழனும் மிஞ்சின. பள்ளிப் பிள்ளைகளை அழைத்துவர ஏற்ற மாலைகள் அல்ல அவை. பிரெக்சிட்டுக்குப் பின் ஐரோப்பிய ஓட்டுநர்களுக்கு விசா நடைமுறையும் சேர்ந்துகொண்டது. 2024-இல் முதல்நிலை லீக்கில் இருந்தவை ஏழே அணிகள். அதே எதிரணி அதே பருவத்தில் மீண்டும் மீண்டும் வந்து நிற்கும். தெற்குக் கடற்கரையின் வலுவான அணியான பூல், செலவைக் கணக்கிட்டு இரண்டாம்நிலை லீக்குக்கு 2020 பருவத்தை முன்னிட்டுத் தானாகவே இறங்கிவிட்டது. அங்கே அது நலிந்துவிடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எதிர்ப்பக்கத்திலும் சில சான்றுகள் உள்ளன. மான்செஸ்டரில் பெல் வ்யூ அணி 1987-இல் தன் புகழ்பெற்ற ஹைட் ரோடு அரங்கை இழந்து, பக்கத்து நாய்ப் பந்தய அரங்கில் நெடுங்காலம் குடியிருந்தது. 2016-இல் நகராட்சியின் ஆதரவோடு ஸ்பீட்வேக்கென்றே ஒரு தேசிய அரங்கு அங்கே எழுந்தது. திறப்பு நாளன்றே ஓடுதள மண் சரியில்லை என்று பந்தயத்தைத் தள்ளிவைக்க நேர்ந்தது. அதே ஆண்டில் அணி நிர்வாகம் பணச் சிக்கலில் வீழ்ந்தது. ஆனால் அரங்கு பொதுச் சொத்தாக நின்றது; வேறு நிர்வாகம் வந்தது; 2022-இல் லீக் பட்டமும் வந்தது. 1983-இல் அரங்கை இழந்த லெஸ்டர் 2011-இல் புதிய ஓடுதளத்தோடு திரும்பியது. ஆக்ஸ்ஃபோர்டில் 2007-இல் நின்ற ஸ்பீட்வே 2022-இல் உயிர்பெற்றது. அந்த அரங்கின் மேல் வீடு கட்டும் திட்டத்துக்கு முன்பே அனுமதி மறுக்கப்பட்டிருந்ததால், பதினைந்து ஆண்டுகள் கழித்தும் திறக்க ஒரு கதவு மிச்சமிருந்தது.

கவன்ட்ரியின் பிரச்சினை இன்னும் முடியாமல் கிடப்பது இதனால்தான் எல்லாராலும் உற்றுப் பார்க்கப்படுகிறது. 1928 முதல் பந்தயம் நடந்த பிராண்டன் அரங்கில் 2016-க்குப் பின் ‘கவன்ட்ரி பீஸ்’ அணி ஓட்டவில்லை. நிலத்தை வாங்கிய நிறுவனம் வீடுகள் கட்ட 2018-இல் விண்ணப்பித்தது. கைவிடப்பட்ட அரங்கில் சூறையாடலும் தீவைப்பும் நடந்தன. ரசிகர்கள் ஊர்வலத்தோடு நிற்காமல், திட்டச் சட்டத்தைப் படித்து, வல்லுநர்களை அமர்த்தி, இந்த வசதி தேவையற்றதாகிவிடவில்லை என்று ஆவணங்களோடு வாதிட்டார்கள். விளையாட்டு வசதி ஒன்றை அழிப்பதானால் அது உபரி என்று காட்ட வேண்டும், அல்லது ஈடாக வேறொன்றைத் தர வேண்டும் என்ற தேசியத் திட்டக் கொள்கையே அவர்களின் ஆயுதம். அந்த நிலம் அடங்கிய ரக்பி என்ற ஊரின் உள்ளாட்சி மன்றம் 2022-இல் அனுமதியை மறுத்தது; நிறுவனத்தின் மேல்முறையீட்டை 2023 இறுதியில் திட்ட ஆய்வாளரும் தள்ளுபடி செய்தார்.

வென்றும் அவர்களிடம் அரங்கு இல்லை. வீடு கட்டக் கூடாது என்று சொல்ல மன்றத்துக்கு அதிகாரம் உண்டு; ஓடுதளத்தை மீண்டும் அமைத்துத் திற என்றோ, விரும்பும் ஒருவருக்கு விற்றுவிடு என்றோ உரிமையாளருக்கு உத்தரவிட அந்தத் தீர்ப்பில் வழியில்லை. கூரை எரிந்த பார்வையாளர் கூடங்களோடு அந்த நிலம் காத்திருக்கும் ஒவ்வோர் ஆண்டும் மறுசீரமைப்புச் செலவு ஏறுகிறது, பழைய கூட்டத்தில் சிலர் முதுமையால் குறைகிறார்கள். நிலத்தின் விலையை வீட்டுமனையாக மதிப்பிடாமல் அரங்காக மதிப்பிட்டுப் பேச உரிமையாளர் முன்வருவாரா, அப்படி முன்வந்தால் வாங்க ஒரு நகராட்சியோ அறக்கட்டளையோ புரோமோட்டரோ இருப்பாரா என்பவையே கவன்ட்ரியில் இனி விடை காண வேண்டிய கேள்விகள்.